வரைபடத்தில் மட்டும் பச்சை

அத்தியாயம் 9

சங்கத்தம்மா மகளோடு பேசுவதை நிறுத்தி ஒரு வாரம் ஆகியிருந்தது. நிறுத்தினாரே ஒழிய, பேச்சு குறையவில்லை. முன்பு மகளிடம் நேராகச் சொன்னதையெல்லாம் இப்போது கணவரிடம் சொன்னார். கணவர் இல்லாதபோது பாத்திரங்களிடம் சொன்னார்.

காரணம் நமக்குத் தெரிந்ததுதான். நகராட்சி வெளியிட்ட பசுமை வரைபடம். செயற்கைக்கோள் எடுத்த படங்களை வைத்து, நகரத்தில் எங்கே மரம், எங்கே புல், எந்தத் தெருவுக்குப் பூங்கா வேண்டும், எதற்கு வேண்டாம் என்று நிறம் பூசிய வரைபடம். நாலு வருடமாகச் சங்கத்தம்மா பூங்கா கேட்டு நாயாய் அலைந்த அவர்கள் குடியிருப்பு அதில் நல்ல பச்சையாக இருந்தது. பக்கத்திலேயே, 'போதுமான பசுமை உள்ள பகுதி, புதிய பூங்கா தேவையில்லை' என்று ஒரு வரி.

அந்தப் பச்சையைப் பூசியது அவர் பெற்ற மகள்.

"உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க, காபி ஆறுதுன்னு."

"அவ இங்கதானேம்மா நிக்கிறா," என்றார் கணவர்.

"நிக்கட்டும். நான் யாரு, சொல்றதுக்கு? பச்சைக்கு நடுவுல சொகுசா வாழ்ற பொம்பள. எனக்கு என்ன குறை?"

மகள் காபியை எடுத்துக்கொண்டாள். ஆறியேதான் போயிருந்தது. முப்பதைத் தொட்ட பெண். நகராட்சியின் வரைபடப் பிரிவில் வேலை. குடியிருப்பில் எல்லோரும் அவளை 'மேப்பு' என்று கூப்பிடுவார்கள். போன மாதம் வரை அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. இந்த வாரம் அதே பேரைச் சொல்லும்போது உதட்டைச் சுழித்தார்கள்.

"அம்மா, நூறு தடவை சொல்லிட்டேன். நான் வேற கலர்தான் போட்டேன். மேல இருக்கிறவர் மாத்திட்டார்."

"உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க, மேல இருக்கிறவர்னா கடவுளா, ஆபீசரான்னு தெளிவா சொல்லச் சொல்லி."

கணவர் செருப்பைத் தேடினார்.

முப்பது வருடம் பேருந்து நிலையத்தில் டைம்கீப்பராக இருந்தவர் அவர். விசிலும் ஹாரனும் டீசல் புகையுமாகவே ஆயுள் போயிற்று. ஓய்வு பெற்ற பிறகு அவர் ஆசைப்பட்டது சத்தமில்லாமல் உட்கார ஓர் இடத்துக்கு மட்டும்தான். ஆனால் அவர் ஓய்வு பெற்ற அதே வருடம் அவர் மனைவி குடியிருப்போர் சங்கத் தலைவியாகிவிட்டார். வீட்டு முன்னறை சங்க அலுவலகம் ஆனது. தண்ணீர் வராதவர், குப்பை எடுக்கப்படாதவர், மாடி வீட்டுக்காரரோடு சண்டை போட்டவர் என்று காலையிலிருந்தே வாசல் மணி அடிக்கும். சங்கத்தம்மாவோ தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர். 'லைன்ல இருங்க' என்று ஊரையே காக்கவைத்த குரல். அந்தக் குரலுக்கு வீடு கொஞ்சம் சின்னது.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"நடந்துட்டு வரேன்."

"இப்பல்லாம் அப்படி எங்கதான் நடக்கிறீங்க? போனா மதியத்துக்குத்தான் வர்றீங்க. பேண்ட் முழுக்க நாயுருவி ஒட்டியிருக்கு. நேத்து துவைக்கிறதுக்குள்ள விரல் போச்சு. பிளாட்பாரத்துல நாயுருவி முளைக்குதா?"

"ஓரமா நடந்தேன்."

"ஓரமா நடக்கிறதுக்குத்தான் பார்க் கேக்கிறேன். மத்தியானம் மூணு மணிக்குக் கூட்டம். மொத்தக் குடியிருப்பும் வருது. என் வீட்டுக்காரர் மட்டும் இதுவரைக்கும் ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்ல. எனக்கு எவ்வளவு அசிங்கமா இருக்கு தெரியுமா?"

"மைக் சத்தம் எனக்கு ஆகாதும்மா."

"என் சத்தம் ஆகாதுன்னு சொல்லுங்க, நேரா."

டைம்கீப்பர் வாசலைத் தாண்டினார். கதவு ஓசைப்படாமல் சாத்திக்கொண்டது. அவர் சாத்தினால் எந்தக் கதவும் ஓசைப்படாது.

மகள் பையை மாட்டிக்கொண்டாள். இன்றைய கூட்டத்தில் வரைபடத்தை விளக்கிச் சொல்லவேண்டியவள் அவள். எதிரே மனுவோடு நிற்கப்போவது அம்மா.

"வரேம்மா."

சங்கத்தம்மா வாணலியைப் பார்த்து, "வரட்டும், வரட்டும்," என்றார்.

*

வரைபடப் பிரிவு நகராட்சிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் தெரியும். நகரத்தின் பசுமையையெல்லாம் அளக்கிற அறையிலிருந்து ஒரு செடிகூடத் தெரியாது.

பிரிவுத் தலைவர் அவளுக்கு முன்பே வந்து அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அது நல்ல சகுனம் இல்லை.

"ஏம்மா, உங்கம்மாவை நீ கொஞ்சம் சமாதானப்படுத்தக் கூடாதா?"

"சார், அவங்க என்கூடப் பேசுறதே இல்ல."

"கொடுத்து வச்சவ நீ. எனக்குக் காலையிலேர்ந்து ஆறு போன்."

மகள் பையை மேசைமேல் வைத்தாள். வைத்த வேகத்தில் பேனா டப்பா கவிழ்ந்தது.

"சார், அன்னிக்கே சொன்னேன். அந்தப் பழைய நூல் மில்லு இடம் பச்சைதான். செடி மண்டிக் கிடக்கு. ஆனா சுத்தி ஆள் உயரத்துக்கு மேல சுவர், கேட்டுல பூட்டு. உள்ள ஒருத்தரும் போக முடியாது. அதுக்கு வேற கலர் போட்டிருந்தேன்."

"பச்சைன்னா பச்சைம்மா. அதுல என்ன, போகக்கூடிய பச்சை, போகக்கூடாத பச்சை?"

"சாக்கடை வாய்க்காலையும் பச்சையாக்கிட்டீங்க."

"ஆகாயத்தாமரை பச்சையா இல்லையா?"

"கீழ சாக்கடை சார்!"

"செயற்கைக்கோள் மேலேர்ந்துதானே பார்க்குது?"

இந்த மனிதரிடம் பேசுவதும் அம்மாவிடம் பேசுவதும் ஒன்றுதான் என்று அவளுக்குத் தோன்றியது. அம்மாவாவது காபி தருவாள்.

உண்மையில் அவளுக்கு இந்த வேலை பிடிக்கும். உயிருள்ள இலை, நம் கண்ணுக்குத் தெரியாத ஒருவகை ஒளியை நிறையத் திருப்பி அனுப்பும். பச்சைப் பெயின்ட் அடித்த தகரம் அனுப்பாது. மொட்டை மாடியில் விரித்த பிளாஸ்டிக் புல்லும் அனுப்பாது. அத்தனை உயரத்திலிருந்து செயற்கைக்கோள் அந்த வித்தியாசத்தைப் பிடித்துவிடும். வாடின மரத்தையும் செழித்த மரத்தையும்கூடப் பிரித்துச் சொல்லும். பூட்டை மட்டும் அதனால் பார்க்க முடியாது. அதைப் பார்க்கத்தான் மனுஷி ஒருத்தியைச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள். அவள் சொன்னால் கேட்பதற்குத்தான் ஆளில்லை.

"இன்னும் தெளிவான படம் ஒண்ணு கேட்டிருந்தோமே, காலையில வந்துடுச்சு," என்றார் தலைவர். "கூட்டத்துல பெரிய திரையில அதைத்தான் காட்டணும். எடு."

எடுத்தாள். பழைய படத்தில் நூல் மில் வளாகம் வெறும் பச்சைக் கட்டங்களாக இருக்கும். இதில் ஒவ்வொரு மரத்தின் தலையும் தனித்தனியாகத் தெரிந்தது. கூரை இடிந்த மில் கொட்டகைக்குள்ளிருந்து ஓர் அத்தி மரம் குடைபோல் விரிந்திருந்தது. பார்க்கவே அழகாக இருந்தது.

அப்புறம்தான் அதைக் கவனித்தாள். பின்பக்கச் சுவரிலிருந்து தலைமுடி போல ஒரு மெல்லிய கோடு புறப்பட்டு, புதர்களுக்குள் வளைந்து வளைந்து, அந்த அத்தி மரத்தடியில் போய் நின்றது.

போன வருடப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதில் கோடு இல்லை.

"ஒத்தையடிப் பாதை சார். யாரோ தினமும் நடக்கிறாங்க."

தலைவர் நாற்காலியைவிட்டே எழுந்துவிட்டார்.

"ஆக்கிரமிப்பு! நம்ம இடத்துல ஆக்கிரமிப்பு! உங்கம்மா கண்ணுல இது பட்டா என்ன ஆகும்?"

"அம்மாகிட்ட செயற்கைக்கோள் இல்ல சார்."

"அவங்களை நம்ப முடியாதும்மா. நீ உடனே போ. யாரு, என்னன்னு பார்த்துட்டு நேரா கூட்டத்துக்கு வந்துடு."

*

முன்கேட்டில் துருப்பிடித்த பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதன் சாவி நகராட்சியில் எந்த அலமாரியில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மகள் கைப்பேசியில் படத்தைப் பார்த்தபடியே சுவரைச் சுற்றிக்கொண்டு போனாள். உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. பழைய பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் சுவர் கொஞ்சம் சரிந்திருந்தது. ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையலாம்.

நுழைந்தாள். துப்பட்டா முள்ளில் மாட்டி நார்நாராய்க் கிழிந்தது. "கருமம்," என்று அவள் இழுத்த இழுப்பில் இன்னும் கொஞ்சம் கிழிந்தது.

பத்தடி உள்ளே போனதும் வெயில் இல்லை. தெருச் சத்தமும் எங்கோ பின்னால் போய்விட்டது. ஆமணக்கும் எருக்கும் தோளுயரம் நின்றன. நாயுருவி இரண்டு பக்கமும் உரசியது. தலைக்குமேல் கிளிகள் இரண்டு ஏதோ குடும்பச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. பாதை சீராக இருந்தது. கல்லெல்லாம் பொறுக்கி ஓரமாக அடுக்கியிருந்தது. ஆக்கிரமிக்க வந்தவன் இவ்வளவு பொறுமையாகக் கல் பொறுக்குவானா?

அத்தி மரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் சட்டையின் மேல் பித்தான் இரண்டைக் கழற்றிவிட்டுக்கொண்டு, கண்ணை மூடி, ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருந்தார் அவள் அப்பா.

"அப்பா!"

டைம்கீப்பர் கண்ணைத் திறந்தார். மகளைப் பார்த்தார். அவள் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

"நீ எப்படி இங்க?"

"மேலேர்ந்து பார்த்தேன்."

"மேலேர்ந்தா?"

அவர் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். கை தானாகச் சட்டைப் பித்தானைப் போட்டது.

"நான் உக்காந்திருக்கிறது தெரியுதா அதுல?"

"நீங்க தெரியல. நீங்க நடந்த தடம் தெரியுது. ஆபீஸ்ல உங்களை ஆக்கிரமிப்புன்னு சொல்லிட்டிருக்காங்க. நான் விசாரிக்க வந்திருக்கேன்."

"விசாரி," என்றார் அவர். எழுந்து நாற்காலியை அவளுக்குத் தள்ளிவிட்டார்.

அவள் உட்காரவில்லை. எங்கிருந்தோ கோபம் பொங்கிக்கொண்டு வந்தது.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"மழை விட்டதிலேர்ந்து. ஒரு நாள் ஒதுங்கலாம்னு இந்தப் பக்கம் வந்தேன். சுவர் சரிஞ்சிருந்தது. எட்டிப் பார்த்தேன்."

"அங்க அம்மா ஒரு பார்க்குக்காக வெயில்ல நின்னு நின்னு கருத்துப் போயிட்டா. நான் ஒரு வாரமா வீட்டுல திட்டு வாங்கிட்டிருக்கேன். நீங்க இங்க ஜம்முனு தனியா ஒரு பார்க் வச்சிருக்கீங்க! சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லியிருக்கலாம்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னா சங்கம் வந்துடும்."

சிரிப்பும் வந்தது, அழலாம் போலவும் இருந்தது. கடைசியில் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

உட்கார்ந்த பிறகு ஒரு விஷயம் புரிந்தது. குளிர்ச்சியாக இருந்தது. முதுகில் ஒட்டியிருந்த வேர்வை ஆறிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரில் இந்த இடத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். இங்கே இப்படி ஒரு வாசனை இருக்கும் என்று எந்தப் படமும் சொன்னதில்லை.

"பேருந்து நிலையத்துல ஒரு நாளைக்கு எத்தனை வண்டி வரும் தெரியுமா?" என்றார் டைம்கீப்பர், மரத்தில் சாய்ந்தபடி. "அத்தனையும் என் காதுக்குள்ள வந்துதான் நிக்கும். இப்பவும் கண்ணை மூடினா ஹாரன் கேக்கும். இங்க வந்தா கேக்கிறதில்ல. அவ்வளவுதான். உங்கம்மா மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. அவ இல்லேன்னா இந்தக் குடியிருப்புல தண்ணியே வந்திருக்காது. ஆனா அவ பக்கத்துல ஒரு மனுஷன் சும்மா இருக்க முடியாதும்மா."

"நான் என்னப்பா எழுதறது ரிப்போர்ட்ல?"

"பார்த்ததை எழுது."

"எங்கப்பான்னு எழுதவா?"

"அதுவும் பார்த்ததுதானே."

மறைக்கச் சொல்வார் என்று நினைத்திருந்தாள். சொல்லியிருந்தால் இன்னும் நாலு வார்த்தை கத்தியிருக்கலாம். இவரிடம் அதற்கும் வழியில்லை.

"மூணு மணிக்குள்ள வெளியில வந்துடுங்க. கூட்டத்துல இந்த இடத்தைப் பத்தித்தான் பேச்சு. யாராவது பூட்டை உடைச்சுட்டு வந்தா எனக்குத் தெரியாது."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தாள். சுவர் இடுக்கில் மிச்சத் துப்பட்டாவும் மாட்டியது.

*

கூட்ட அரங்கத்தில் மின்விசிறிகள் சுற்றின, காற்றுதான் வரவில்லை. முன்வரிசை முழுக்கச் சங்கம். நடுவில் சங்கத்தம்மா, மடியில் கோப்பு, முகத்தில் போர்க்களை. பக்கத்தில் சங்கச் செயலாளர். பால்கனியில் தொட்டிச்செடி அடுக்கி வைத்திருப்பதால் அவருக்கு 'பால்கனி' என்று பெயர்.

வாசலிலேயே தலைவர் மகளைப் பிடித்துக்கொண்டார்.

"யாரும்மா அது? எத்தனை பேரு? குடிசை ஏதாவது போட்டிருக்கானா?"

"ஒரே ஒருத்தர் சார். வயசானவர். தினமும் வந்து உக்காருறார்."

"உக்காந்து?"

"உக்காந்து ஒண்ணும் பண்ணல."

"பிச்சைக்காரரா?"

"பென்ஷன்காரர்."

தலைவருக்கு அது திருப்தியாக இல்லை. ஆனால் அதற்குள் மைக் கிறீச்சிட்டது. கூட்டம் தொடங்கிவிட்டது.

மகள் திரையில் படத்தைப் போட்டாள். எது எந்த நிறம், எப்படி அளந்தோம், ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னூறு மீட்டருக்குள் பசுமை இருந்தால் போதும் என்கிற விதி என்ன, எல்லாம் சொன்னாள். குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. சொல்லி முடிப்பதற்குள் சங்கத்தம்மா எழுந்துவிட்டார். யாரும் கொடுக்காமலே மைக் அவர் கைக்குப் போயிருந்தது.

"மேடம், ஒரு சந்தேகம்."

"சொல்லும்மா."

"அம்மா எல்லாம் வீட்டுல. இங்க நான் மனுதாரர்."

பின்வரிசையில் சிரிப்பு.

"சரி. சொல்லுங்க."

"எங்க தெரு பக்கத்துல பச்சையா ஒண்ணு காட்டுதே, அது என்ன?"

"பழைய நூல் மில் வளாகம்."

"எங்க தெருவுலேர்ந்து எவ்வளவு தூரம்?"

"முன்னூறு மீட்டருக்கும் குறைவு."

"யாருக்கு?"

"புரியல."

"யாருக்கு முன்னூறு மீட்டர்? காக்காய்க்கா, எனக்கா?"

அரங்கம் கைதட்டியது. மகளின் காது மடல் சூடானது.

"நேர்கோட்டுல அளந்தது."

"நேர்கோட்டுல போனா என் மூக்கு சுவத்துல இடிக்கும் மேடம். உங்க படத்துல சுவர் இருக்கா?"

"மேல கண்ணாடித் துண்டு பதிச்சிருக்கு சார்!" என்று கத்தினார் பால்கனி.

"படத்துல தெரியாது," என்றாள் மகள்.

"எனக்குத் தெரியுது. நாலு வருஷமாத் தெரியுது. எங்க தெருப் பிள்ளைங்க பார்க்கிங்குல விளையாடுது. போன மாசம் ஒண்ணுக்குக் கை உடைஞ்சது. அந்தப் பிள்ளை கையில கட்டோட வந்து, 'ஆன்ட்டி, நம்ம தெரு பச்சையாமே'ன்னு என்னைக் கேக்குது. நான் என்ன பதில் சொல்றது? மேலேர்ந்து பாரு கண்ணு, நல்லாத் தெரியும்னா?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

மகள் தலைவரைப் பார்த்தாள். அவர் வாயை மூடு என்று கையால் ஜாடை காட்டினார். அவளுக்குச் சட்டென்று அலுத்துப்போயிற்று. அம்மாவின் கத்தல், இவருடைய ஜாடை, அப்பாவின் மௌனம், கிழிந்த துப்பட்டா, எல்லாமே அலுத்துப்போயிற்று.

"இந்தப் படம் பொய் சொல்லல," என்றாள். "ஆனா இது சொல்றது இலை எங்க இருக்குன்னு மட்டும்தான். மனுஷங்க எங்க போய் உக்காரலாம்னு இதுக்குத் தெரியாது. அது நேர்ல போய்ப் பார்த்தாத்தான் தெரியும். நான் பார்த்தேன். பூட்டின இடமும் திறந்த இடமும் ரெண்டு கலர்ல இருக்கணும். ஒரே கலர்ல போட்டது தப்பு. இந்தக் குடியிருப்புக்குப் பூங்கா இல்ல. அதுதான் உண்மை."

தலைவர் இருமினார். இருமல் நீண்டது.

சங்கத்தம்மா அப்படியே நின்றார். வாய்வரை வந்திருந்த அடுத்த கேள்விக்கு வேலையில்லாமல் போய்விட்டது. மைக்கைக் கீழே இறக்கிக்கொண்டு மேடையருகே வந்தார்.

"காலையிலேர்ந்து ஏதாவது சாப்பிட்டியாடீ?" என்றார் தாழ்ந்த குரலில். "துப்பட்டா என்ன இப்படிக் கிழிஞ்சிருக்கு?"

ஒரு வாரத்துக்குப் பிறகு மகளென்று நேராகச் சொன்ன முதல் வார்த்தை. மகள் தலையை மட்டும் ஆட்டினாள்.

ஆனால் தலைவர் லேசுப்பட்டவர் இல்லை. தோற்கிற மாதிரி தெரிந்தால் ஜெயிக்கிற பக்கம் தாவிவிடுவார். மேடை மைக்கைத் தன் பக்கம் திருப்பி, முகமெல்லாம் புன்னகையாக ஆரம்பித்தார்.

"பெரியோர்களே, மக்கள் குரலுக்கு நகராட்சி என்றும் செவிசாய்க்கும். அந்த மில் வளாகத்தையே பூங்காவாக்கிடலாம். திட்டம் நம்மகிட்ட தயாரா இருக்கு."

திரையில் ஒரு படம் வந்தது. நகரத்தில் இருக்கிற எல்லாப் பூங்காவுக்கும் இதே படம்தான். சதுரக் கல் பதித்த நடைபாதை, நடுவில் நீரூற்று, உயரமான விளக்குக் கம்பங்கள், பாட்டு போட ஒலிபெருக்கி.

"முதல்ல ஜேசிபி விட்டு மொத்தப் புதரையும் வழிச்சு எடுத்துடுவோம். பளிச்சுனு ஆயிடும்."

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. பால்கனி எழுந்து நின்று தட்டினார். சங்கத்தம்மாவின் கண் கலங்கியிருந்தது. நாலு வருடம்.

"சார்," என்றாள் மகள், அவர் காதருகே. "அங்க இருக்கிறது மரமும் செடியும். மொத்தத்தையும் எடுத்துட்டா அப்புறம் பச்சையே இருக்காது. அடுத்த படத்துல அந்த இடம் வெறும் மண்ணாத்தான் வரும்."

"அதுக்கென்னம்மா, செயற்கைப் புல் போட்டுடலாம்."

அவள் அம்மாவைப் பார்த்தாள். "அம்மா, நீ உள்ள போய்ப் பார்த்ததில்ல. அங்க பெரிய அத்தி மரம் ஒண்ணு இருக்கு. அப்படியே விட்டு கேட்டை மட்டும் திறந்தாலே போதும்."

"பாம்பு இருக்கும்டீ. பிள்ளைங்க வர்ற இடம். கெடைச்சதைக் கெடுக்காத, சும்மா இரு." சங்கத்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒரு நாளாவது என்னை ஜெயிக்க விடேன்."

மகள் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அப்ப ஏகமனதாத் தீர்மானம்," என்றார் தலைவர். "முறைப்படி ஒரு வார்த்தை கேட்டுடறேன். ஆட்சேபணை இருக்கிறவங்க கையைத் தூக்கலாம்."

கேட்டுக்கொண்டே கோப்பை மூடப்போனார்.

கடைசி வரிசையில், கதவோரத்தில், ஒரு கை உயர்ந்தது.

தலைவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "யாருங்க? எழுந்திருங்க. குறிச்சுக்கணும். முகவரி சொல்லுங்க."

டைம்கீப்பர் எழுந்தார். எப்போது வந்து உட்கார்ந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. கதவு எண்ணைச் சொன்னார். தெருவைச் சொன்னார்.

தலைவரின் பேனா பாதியில் நின்றது. மனுவைப் புரட்டிப் பார்த்தார்.

"இது மனு கொடுத்தவங்க முகவரி ஆச்சே?"

"ஆமாங்க. அதே வீடுதான்."

முன்வரிசைத் தலைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் திரும்பின. எல்லோருக்கும் கடைசியாகச் சங்கத்தம்மா திரும்பினார்.

"என்னங்க," என்றார். மைக் இன்னும் அவர் கையிலேயே இருந்ததால் அது அரங்கம் முழுக்கக் கேட்டது. "வெயில்ல வந்தீங்களா? தலைகிலை சுத்துதா?"

"இல்லம்மா."

"அப்ப கையைக் கீழ போடுங்க. எல்லாரும் பார்க்கிறாங்க. வீட்டுல போய்ப் பேசிக்கலாம்."

டைம்கீப்பர் கையை இறக்கவில்லை.

"வீட்டுல பேச எனக்கு எப்பம்மா இடம் கெடைச்சது?" என்றார். குரலில் கோபம் துளியும் இல்லை. அதனாலேயே மகளுக்குப் பயமாக இருந்தது. "இன்னிக்கு இங்கயே பேசிடறேன்."

நாற்காலி வரிசைகளுக்கு நடுவே அவர் முன்னால் நடந்து வந்தார். பால்கனி கால்களை மடக்கி வழிவிட்டார். மேடையருகே வந்து, மனைவியின் எதிரே நின்று, மைக்குக்காகக் கையை நீட்டினார்.

சங்கத்தம்மா மைக்கை விடவில்லை. டைம்கீப்பரும் நீட்டிய கையை மடக்கவில்லை.